இரண்டே கால் மணி அழைப்பு

ஜனவரி மூன்றாவது செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு டேரினின் பண்ணைக்குள் என் வண்டி நுழைந்தது. பனி பெய்து ஓய்ந்திருந்தது. இரு பக்கமும் சோளம் அறுத்த வயல்கள் வானத்தோடு ஒட்டிக்கொண்டு வெள்ளையாகக் கிடந்தன. அந்த வெள்ளைக்கு நடுவில் நீளநீளமாக இரண்டு தகரக் கொட்டகைகள். காற்று என் பக்கமாக வீசியதால் அமோனியா நெடி கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள்ளும் வந்தது. எங்கள் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது நெடியே இல்லை. அயோவா மாநிலத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைத் துணியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

என் பெயர் மார்லிஸ் வான்ரோகெல். இருபத்திரண்டு வருடம் ஒரு பன்றி இறைச்சிக் கம்பெனியில் களக் கண்காணிப்பாளராக இருந்தேன். கொட்டகை விவசாயியுடையது. அதற்குள் நிற்கும் பன்றி கம்பெனியுடையது, தீனியும் கம்பெனியுடையது. விவசாயி வளர்த்துக் கொடுப்பார். வாரம் ஒரு தடவை போய், காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, எடை ஏறுகிறதா என்று பார்த்து எழுதுவது என் வேலை.

அன்று வழக்கமான வேலையோடு இன்னும் இரண்டு காரியங்கள் இருந்தன. ஒன்று, புது ஒப்பந்தத்தில் டேரினிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மற்றது, அவன் கொட்டகையின் அலாரம் கோளாறு என்று நான்கு முறை ஆபீசுக்குப் புகார் வந்திருந்தது.

வாசலிலேயே நின்றிருந்தான். முப்பது வயது, தாடியில் பனித்துளி.

"வாங்க மார்லிஸ். முதல்ல காப்பி, அப்புறம் பேய்."

"பேயா?"

"எங்க வீட்டம்மா அப்படித்தான் சொல்றாங்க. எனக்கு அது ஒயர் கோளாறுதான்."

அவன் மனைவி ப்ரென்னா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலை நடையை முடித்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் அவளுடைய கைபேசி, திரை கீழே பார்க்கும்படி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அவன் சிரிப்பான், நீங்க சிரிக்காதீங்க," என்றாள். "தினமும் மத்தியானம் ரெண்டே காலுக்கு வருது. ஒரு நிமிஷம் முன்னப் பின்ன இல்ல."

ஒவ்வொரு கொட்டகையிலும் கதவை ஒட்டி ஒரு பெட்டி இருக்கும். உள்ளே சூடு ஏறினாலோ மின்சாரம் நின்றாலோ அது தானாக விவசாயி வீட்டாரின் கைபேசிகளைக் கூப்பிடும். என்ன சொல்ல வேண்டும் என்பதை வீட்டில் ஒருவர் தன் குரலில் பதிவு செய்து வைப்பார்.

"நான்தான் பதிவு பண்ணேன்," என்றாள் ப்ரென்னா. "'ஏய் டேரின், எழுந்து போய்ப் பாரு'ன்னு விளையாட்டுக்குச் சொல்லி வச்சேன். ஆனா வர்றது என் குரல் இல்ல. யாரோ வயசான ஆளு."

"என்ன சொல்றாரு?"

"'கொட்டகை ரெண்டு. சூடு நூத்தி நாலு.' அவ்வளவுதான். மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா."

நூற்று நான்கு டிகிரி ஃபாரன்ஹீட். மனிதனுக்கு அந்தச் சூடு ஏறினால் காய்ச்சலில் பிதற்றுவான். வெளியே அன்று பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது. கொட்டகைக்குள் எப்போதும் போல அறுபத்தெட்டு.

"பெட்டியை மாத்திட்டேன், ரெண்டு தடவை," என்றான் டேரின். "போன வாரம் ஒயரையே பிடுங்கிப் போட்டேன்."

"அப்புறம்?"

அவன் காப்பியைப் பார்த்துக்கொண்டான். ப்ரென்னாதான் பதில் சொன்னாள்.

"அன்னிக்கும் வந்தது."

 மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசும் ஒரு வயதான மனிதரை எனக்குத் தெரியும். இந்தப் பண்ணையை டேரினுக்கு விற்றுவிட்டுப் போன ஹார்லன் டிரீசன். ஆனால் அவர் பேர் என் வாயில் வரவில்லை. "ஒப்பந்தத்தை அப்புறம் பாக்கலாம், கொட்டகையைக் காட்டு," என்றேன்.

*

இரண்டாவது கொட்டகைக்குள் ஆயிரத்து இருநூறு பன்றிகள். நடுவில் நடைபாதை, இரு பக்கமும் கம்பி அடைப்புகள், அடைப்புக்கு இருபத்தைந்து முப்பது உருப்படி. சுவர் நெடுக எட்டு விசிறிகள் உள்காற்றை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். கொட்டகையின் உயிரே அந்த இரைச்சல்தான். தரையில் உள்ள இடுக்குகள் வழியாகக் கழிவு கீழே குழியில் விழும். குழியிலிருந்து விஷக்காற்று மேலே வரும். விசிறி நின்றால் உள்ளே எதுவும் பிழைக்காது. இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

"பாருங்க," என்றான் டேரின். "இதுக்கு எந்த ஒயரை மாத்தறது?"

ஒவ்வொரு அடைப்பிலும் பன்றிகள் ஒரு பாதியில் மட்டும் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, முட்டி நெருக்கி, வாசல் பக்கத்துப் பாதியில். மறுபாதி காலி. தீனித் தொட்டி காலிப் பாதியில் இருந்த அடைப்புகளில்கூட, ஒவ்வொன்றாகப் போய் அவசரமாக இரண்டு வாய் தின்றுவிட்டுத் திரும்பி வந்து நெருக்கத்துக்குள் புகுந்துகொண்டன.

"குளிர் காத்து எங்கயாவது உள்ள வருதா?"

"மெழுகுவத்தி ஏத்திப் பாத்தேன். சுடர் அசையல. பன்னிங்களுக்கெல்லாம் தெய்வபக்தி வந்துடுச்சு, பாதி இடத்தை ஆண்டவருக்கு விட்டுட்டு நிக்குதுங்கன்னு எங்க அப்பா சொல்றாரு."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

மணி ஒன்றரை தாண்டியிருந்தது. முதல் கொட்டகையில் தீனி இறங்கும் குழாய் உறைந்துவிட்டது என்று டேரின் சொன்னான். "நீ போய் அதைப் பாரு. நான் இங்கயே ரெண்டே கால் வரைக்கும் இருக்கேன். அலாரம் அடிக்கறப்ப பெட்டி என்ன காட்டுதுன்னு பாத்தாத்தான் ரிப்போர்ட் எழுத முடியும்," என்றேன்.

உண்மையில் நான் அதற்காக இருக்கவில்லை. அங்கே ஒன்றுமில்லை என்று எனக்கு நானே நிரூபிக்க வேண்டியிருந்தது.

*

சில வருடங்களுக்கு முன், உலகம் முழுக்கத் தொற்றுநோய் பரவிய அந்த வசந்தத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

இறைச்சி ஆலையில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல் பரவியது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு கத்தி பிடிக்கிறவர்கள். இருமிக்கொண்டே வேலைக்கு வரச் சொன்னார்கள். வராவிட்டால் வேலை போகும். வந்தார்கள். சிலர் செத்தும் போனார்கள். வரிசையில் நிற்க ஆளில்லை என்ற நிலை வந்த பிறகுதான் ஆலையை மூடினார்கள். மூடியதும் எங்கள் பன்றிகளுக்குப் போக இடமில்லை. இருநூற்று எண்பது பவுண்டு எடை ஏறி, கொட்டகை கொள்ளாமல் நின்றன. பின்னாலேயே குட்டிகள் பிறந்துகொண்டிருந்தன. அதே வாரம் நகரத்துக் கடைகளில் இறைச்சி அலமாரி காலி. எங்கள் தேவாலயத்து வாசலில் இலவச உணவுப் பெட்டிக்காக வண்டிகள் ஒரு மைல் நீளம் நின்றன.

என் மேலதிகாரி கோர்பின் ஹாக் ஒரு தாள் கொடுத்தார். 'இருப்புக் குறைப்பு' என்று தலைப்பு. விசிறிகளை நிறுத்தி, பக்கச் சுவரின் காற்றோட்டத் திரைகளை மூடி, ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிட வேண்டும்.

"ஒரு மணி நேரம்தான் மார்லிஸ். தூங்கற மாதிரி போயிடும்," என்றார்.

அதே வார்த்தைகளை நான் ஹார்லனிடம் சொன்னேன். அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. நாற்பது வருடம் பன்றி வளர்த்தவர். தாளைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, மறுபடியும் படித்தார். பிறகு பகல் பதினொரு மணிக்குப் போய், இதே இரண்டாவது கொட்டகையின் விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்.

நான் பண்ணைச் சாலையின் முனையில், என் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிகளை ஏற்றினேன். பிறகு ரேடியோவைப் போட்டேன். பிறகு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

ஹார்லன் என்னை ஒரே ஒரு முறை போனில் கூப்பிட்டார். அவர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

கடைசிப் பன்றி அடங்கியபோது மறுநாள் விடிந்துகொண்டிருந்தது. பதினெட்டு மணி நேரம். அதற்கு முன், சூட்டில் அடங்காதவற்றுக்குத் துப்பாக்கியோடு இரண்டு ஆட்கள் வந்திருந்தார்கள். என் ரிப்போர்ட்டில் 'ஒரு மணி நேரத்தில் நிறைவு' என்று எழுதினேன். இரண்டு வருடம் கழித்து ஹார்லன் பண்ணையை விற்றார்.

*

கொட்டகையின் கடைசி வரை நடந்தேன். அங்கிருந்து பார்க்கும்போது வாசலும் அதன் அருகே இருந்த பெட்டியின் சிவப்பு எண்களும் சின்னதாகத் தெரிந்தன. அறுபத்தெட்டு.

கைக்கடிகாரத்தில் இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம்.

முதல் விசிறி நின்றது.

இரைச்சலில் ஒரு இழை அறுந்தது போல இருந்தது, அவ்வளவுதான். மோட்டார் பழுது என்று நினைத்தேன். பிறகு இரண்டாவது. மூன்றாவது. யாரோ பொத்தான்களை வரிசையாக, அவசரமில்லாமல், தட்டிக்கொண்டே வருவது போல. எட்டாவதின் இறக்கைகள் தளர்ந்து சுழன்று நின்றதும் ஒரு அமைதி விழுந்தது.

பன்றிக் கொட்டகையில் அமைதி என்று ஒன்று கிடையாது. உறுமும், கடிக்கும், கம்பியை இழுக்கும். இப்போது ஆயிரத்து இருநூறும் அசையாமல் நின்றன. எல்லாத் தலைகளும் வாசலைப் பார்த்திருந்தன.

சூடு வந்தது.

மேலேயிருந்தோ பக்கத்திலிருந்தோ வரவில்லை. தரை இடுக்குகள் வழியாகக் கணுக்காலைத் தொட்டு, முழங்காலைத் தொட்டு ஏறியது. பனிக்கோட்டுக்குள் முதுகில் வேர்வை ஒழுகியது. கண் எரிந்தது. அமோனியாவுக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. பயந்த உடம்பின் வாடை. கசாப்பு லாரிக்குள் தலையை நீட்டியவர்களுக்கு அது தெரியும்.

அப்போது மூச்சுச் சத்தம் கேட்டது.

வாயைத் திறந்து, வேகவேகமாக, காற்றை விழுங்கும் மூச்சு. ஒன்றல்ல, நூறல்ல. என் பக்கத்து அடைப்பில் இருந்த பன்றிகளைப் பார்த்தேன். அவற்றின் விலா சாதாரணமாக, மெதுவாக ஏறி இறங்கியது.

மூச்சு காலிப் பாதியிலிருந்து வந்தது.

ஒவ்வொரு அடைப்பிலும், காலியாகக் கிடந்த தரையிலிருந்து. அங்கே சிமெண்டு ஈரமாகிக்கொண்டிருந்தது. எச்சில் சொட்டுவது போலச் சொட்டுச் சொட்டாக. கம்பிகள் நெளிந்தன, எதுவும் சாயாமலே.

இந்தப் பன்றிகள் பயந்து ஒதுங்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இடம் விட்டிருக்கின்றன.

நான் வாசலை நோக்கி நடந்தேன். ஓடினால் அதை நம்பிவிட்டதாக ஆகிவிடும் என்று நடந்தேன். பாதி வழியில் பையில் இருந்த கைபேசி அடித்தது. திரையில் எண் எதுவும் இல்லை.

எடுத்தேன். எடுக்காமல் இருக்க முடியவில்லை.

"கொட்டகை ரெண்டு," என்றது ஹார்லனின் குரல். "சூடு நூத்தி நாலு."

 வழக்கமாக அதோடு அழைப்பு நின்றுவிடும் என்று ப்ரென்னா சொல்லியிருந்தாள்.

நிற்கவில்லை.

"மார்லிஸ்," என்றது குரல். "மூணு மணி நேரம் ஆச்சு. ஒண்ணும் போகல மார்லிஸ். எல்லாம் உயிரோடதான் இருக்குதுங்க, வாசல்ல வந்து முட்டுதுங்க. விசிறியைப் போட்டுடட்டுமா?"

அன்று அவர் கேட்டது அதே வார்த்தைகள். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

"போடுங்க!" என்று கத்தினேன். "ஹார்லன், போட்டுடுங்க! கதவைத் திறங்க!"

மறுமுனையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பின்னணியில் ரேடியோவில் ஒரு பாட்டு. பிறகு ஒரு பெண் குரல், நிதானமாக, அக்கறையாக, களைத்துப்போன ஒரு குழந்தையைச் சமாதானப்படுத்துவது போல:

"வேண்டாம் ஹார்லன். இப்பப் போட்டா பாதில நின்னுடும், அது இன்னும் கொடுமை. இன்னும் கொஞ்ச நேரம்தான். நீங்க வீட்டுக்குள்ள போய் உட்காருங்க."

அது என் குரல்.

அதன்பின் நான் நடக்கவில்லை. ஓடினேன், விழுந்தேன், தவழ்ந்தேன். வாசல் கைப்பிடி கொதித்தது. தள்ளினேன், திறக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அந்த மூச்சு ஒன்றாகச் சேர்ந்து நெருங்கியது. முழங்காலில், இடுப்பில், கெண்டைக்காலில், கனமான ஈரமான உடம்புகள் அழுத்தின. என்னைத் தாக்கவில்லை. அவற்றுக்கு என்னைத் தெரியவே இல்லை. அவற்றுக்கு வேண்டியது கதவு. நான் கதவுக்கும் அவற்றுக்கும் நடுவில் இருந்தேன், அவ்வளவுதான்.

மேலே பெட்டியில் சிவப்பு எண்கள் தெரிந்தன.

அறுபத்தெட்டு.

*

டேரின் கதவைத் திறந்தபோது நான் பனியில் போய் விழுந்தேன். கதவு பூட்டியிருக்கவில்லை, வெளியிலிருந்து விரலால் இழுத்ததும் திறந்தது என்றான். எட்டு விசிறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அவை நிற்கவே இல்லை என்று பெட்டியின் பதிவு காட்டியது. என் கோட்டு மட்டும் ஆற்றில் முக்கி எடுத்தது போல நனைந்திருந்தது. அந்தக் குளிரில் அது என் மேலேயே உறைய ஆரம்பித்தது.

சமையலறையில் ப்ரென்னா போர்வை போர்த்திவிட்டாள். மேசை மேல் நான் கொண்டுவந்த ஒப்பந்தம் இருந்தது. பதினோராவது பக்கம், நான்காவது பத்தி: அவசியம் ஏற்பட்டால், கம்பெனி சொல்லும் முறையில் விவசாயி கொட்டகையைக் காலி செய்து தர வேண்டும்.

"அதுல என்ன முறைன்னு எழுதல, நான் சொல்றேன்," என்றேன்.

சொன்னேன். ரேடியோவையும் சொன்னேன். போனில் என்ன பதில் சொன்னேன் என்பதையும் சொன்னேன். டேரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ப்ரென்னா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம்?"

"பதினெட்டு மணி நேரம்."

"ஒரு மணி நேரம்னு ஊர்ல சொன்னாங்களே."

"நான்தான் அப்படி எழுதினேன்."

அவள் என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.  சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதுல கையெழுத்துப் போடாதீங்க," என்றேன்.

"போடாட்டி?" என்றான் டேரின், திரும்பாமலே. "பன்னியை ஏத்திட்டுப் போயிடுவாங்க. வெறும் கொட்டகையை வச்சு நான் என்ன பண்றது? சர்ச்சு கட்டவா?"

நான் போர்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

*

அங்கிருந்து நேராக ஹார்லன் வீட்டுக்குப் போனேன். டவுனில் தேவாலயத்துக்குப் பின்னால் சின்ன வீடு. பனிக்காலத்தின் நடுவில், அந்த வீட்டின் ஜன்னல்கள் அத்தனையும் திறந்திருந்தன. திரைச்சீலைகள் வெளியே பறந்துகொண்டிருந்தன.

அவர் மனைவி ஆர்டிஸ் கோட்டும் தொப்பியுமாகக் கதவைத் திறந்தார். "உள்ள வா. செருப்பைக் கழட்டாத, கால் விறைச்சிடும்," என்றார். "சாத்தினா அவருக்கு மூச்சு முட்டுது. நாங்க இப்படித்தான் இருக்கோம்."

ஹார்லன் சமையலறை மேசையில், இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் பாதாம் விழுது வைத்த டச்சுப் பலகாரம், தொடாமல். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். அந்த மரியாதைதான் என்னால் தாங்க முடியவில்லை.

"கொட்டகைக்குள்ள போனியா?" என்றார்.

"போனேன்."

"போன் வந்துதா?"

"வந்தது. உங்க குரல்."

 காற்று மேசைத் துணியின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"எனக்கும் வருது," என்றார் கடைசியில். "தினம் ரெண்டே காலுக்கு. எனக்கு வர்றது உன் குரல். 'இன்னும் கொஞ்ச நேரம்தான் ஹார்லன்'ங்குது."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"நான் என்ன சொல்றது? அன்னிக்குச் சொன்னதுதான். 'சரி'ங்கறேன்." கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார். "விசிறி பட்டன் என் கைக்கு எட்டற தூரத்துல இருந்துது மார்லிஸ். உன்னைக் கேட்டிருக்கவே வேண்டாம். என் கொட்டகை. என் கை. ஆனா கேட்டேன். நீ வேண்டாம்னு சொல்லணும்னுதான் கேட்டேனோ என்னவோ. அதுவும் எனக்குத் தெரியல."

"என்னை மன்னிச்சிடுங்க."

"நீ என்னை மன்னிச்சிட்டியா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"நாம ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மன்னிச்சுக்கலாம்," என்றார். "அதுங்ககிட்ட யார் கேக்கறது?"

ஆர்டிஸ் அடுப்புப் பக்கம் நின்றபடியே சொன்னார்: "அது நடந்த அடுத்த ஞாயித்துக்கிழமை போதகர் உணவுக்காக ஸ்தோத்திரம் சொன்னாரு. இவர் பாதில எழுந்து போனவர்தான். அதுக்கப்புறம் கோயிலுக்கு வரல."

*

மறுநாள் கோர்பின் ஹாக்கின் மேசையில் புது ரிப்போர்ட் வைத்தேன். 'பதினெட்டு மணி நேரம்' என்று எழுதி, அது நடந்த தேதியும் போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தேன். அவர் அதை ஒரு விரலால் என் பக்கமே தள்ளினார்.

"அந்தக் கோப்பு மூடியாச்சு. இப்ப யாருக்கு என்ன பிரயோஜனம்? உனக்குக் களைப்பா இருக்கு. ரெண்டு வாரம் லீவு எடுத்துக்கோ."

"அது நடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"ஆபீஸ்லதான். ஏன்?"

அவருக்கு எந்தப் போனும் வருவதில்லை. முகத்திலேயே தெரிந்தது. நன்றாகத் தூங்குகிற முகம்.

அவர் மேசையின் ஓரத்தில் இன்னொரு தாள் இருந்தது. டேரினின் ஒப்பந்தம். காலையில் முதல் ஆளாக வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். எழுத்து கோணலாக, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதப்பட்டிருந்தது. ப்ரென்னா கையெழுத்திட வேண்டிய இடத்திலும் கையெழுத்து இருந்தது. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என்ன உரிமையில் வரும்?

வேலையை விட்டேன். புது ரிப்போர்ட்டை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். அவர்கள் ஒரு முறை போன் செய்தார்கள், வேறு யாராவது சாட்சி சொல்வார்களா என்று கேட்டார்கள். ஹார்லன் சொல்கிறேன் என்றார். ஆனால் அந்த மாதமே மார்பு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், திரும்பி வரவில்லை. கடைசி இரண்டு நாள் அந்த அறையின் ஜன்னலைத் திறக்க வழியில்லாமல் மிகவும் கஷ்டப்பட்டார் என்று ஆர்டிஸ் எழுதியிருந்தார். பத்திரிகையில் செய்தி வரவில்லை.

நான் ஒமாஹா நகரத்துக்குக் குடிபெயர்ந்தேன். ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. கைபேசி எண்ணை மாற்றினேன். இரண்டே காலுக்கு எதுவும் அடிக்கவில்லை. அது அங்கேயே, அந்தத் தகரக் கொட்டகையிலேயே தங்கிவிட்டது என்று ஒரு மாதம் முழுக்க நம்பினேன்.

மார்ச் முதல் சனிக்கிழமை மளிகை வாங்கிக்கொண்டு மத்தியானம் வீடு திரும்பினேன். வெளியே உறைபனி. கதவைத் திறந்ததும் என் மூக்குக் கண்ணாடி ஆவி படிந்து மறைத்துவிட்டது. உள்ளே அவ்வளவு சூடு. அடுப்பு எரியவில்லை. ஹீட்டர் அணைத்திருந்தது.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்தத் திரும்பினேன்.

கதவின் உட்புறத்தில், என் முழங்கால் உயரத்தில், வட்டவட்டமாக ஈரத் தடங்கள். உள்ளங்கை அகலம். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் மூக்குத் துவாரம் போல இரண்டு ஓட்டைகள், பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் மேல் ஒன்றாக, வரிசை வரிசையாக, பெயிண்ட் உரியும்வரை முட்டி முட்டிப் பதிந்தவை. கீழே இருந்தவை காய்ந்துவிட்டன. மேலே இருந்தவை இன்னும் வழிந்துகொண்டிருந்தன.

நான் இல்லாத நேரமெல்லாம் கதவை முட்டியிருக்கின்றன.

பையைக் கீழே வைத்தேன். கதவை முழுதாகத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் இருக்க நாற்காலி ஒன்றை முட்டுக் கொடுத்தேன். பிறகு சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றேன். வெளி நடையிலிருந்து குளிர் காற்று உள்ளே வந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு என் காலை உரசிக்கொண்டு, சூடாக, சொரசொரப்பாக, கனமாக ஒன்று கடந்து போனது. வாசல்படியில் ஒரு நொடி தயங்கியது போலிருந்தது. போய்விட்டது.

அதன் பின்னால் இன்னொன்று.

இன்னொன்று.

இன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். நேற்றிலிருந்து கதவைச் சாத்தவில்லை. எதிர்வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். கோட்டுப் போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் இடது பக்கம், காலோடு காலாக, அவை இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன.